பக்கமும் பாய்வும்: தமிழ் மின்னூலின் வடிவம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

இலக்கியத்தின் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் நீண்ட வரலாறுடையது. முற்போக்கு அணியினர் உள்ளடக்கத்துக்கு முதன்மையளித்து உருவத்தைப் புறக்கணித்தனர் என்ற குற்றச்சாட்டும், அதற்கு அளிக்கப்பட்ட மறுமொழிகளும் யாவரும் அறிந்தவை. ஆயினும் அவ்விவாதத்தில் ஈடுபட்ட இரு சாராரும் உருவம் என்று கொண்டது யாப்பு, மொழிநடை, கதைப்பின்னல் ஆகியவற்றையே. ஓர் ஆக்கம் வாசகனின் கண்ணுக்கு எவ்வடிவில் வந்து சேருகின்றது என்ற வினா அங்கு எழவில்லை. எழுத்தின் அளவு, வரியின் நீளம், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலான வெளி, பக்க ஓரம், அடிக்குறிப்பு நிற்கும் இடம் என்பன அச்சகத்தாரின் தொழில் விடயங்களாக ஒதுக்கப்பட்டன. பேராசிரியர் க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலில் அச்சியந்திரத்தையும் வாசகர் கூட்டத்தையும் நாவலின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். அச்சு ஒரு சமூக நிறுவனம் என்பது அதன் வழி நிலைநாட்டப்பட்டது. அச்சிட்ட பக்கமும் ஒரு சமூக விளைபொருளே என்பது இன்னும் விரித்துரைக்கப்பட வேண்டியுள்ளது.

மின்னூல் இவ்வினாவைத் தவிர்க்கவியலாத ஒன்றாக ஆக்கியுள்ளது. அச்சு நூலில் பனுவலும் பக்கமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மின்னூலில் அப்பிணைப்பு அறுந்துவிட்டது. ஒரே பனுவல் கைத்தொலைபேசியில் ஒரு வடிவமும், கிண்டில் கருவியில் இன்னொரு வடிவமும், கணினித் திரையில் வேறொரு வடிவமும் கொள்கின்றது. வாசகன் எழுத்தின் அளவை மாற்றியவுடன் வரிகள் உடைந்து புதிதாக அமைகின்றன. பக்கம் என்பதற்கு நிலையான பொருள் இல்லாது போகின்றது. இவ்வியல்பை இக்கட்டுரையில் 'பாய்வு' எனக் குறிப்பிடலாம். இதற்கு எதிராக, அச்சிட்ட பக்கத்தை ஒளிப்படமாக எடுத்து அவ்வாறே காட்டும் மின்னூல் வகையும் உண்டு. இதனைப் 'படிமம்' எனக் கொள்வோம். தமிழில் இவ்விரு வகைகளும் வேறுவேறு வரலாற்றுத் தேவைகளிலிருந்து தோன்றின என்பதும், ஒன்று தருவதை மற்றது தருவதில்லை என்பதும், இம்முரண்பாட்டைத் தீர்ப்பது சமூக உடைமை பற்றிய பிரச்சினை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

பக்கம் இயற்கையாகத் தோன்றிய ஒன்றன்று. ஏட்டுச் சுவடியில் எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டன. மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெளிவாக இல்லை. செய்யுளின் அடிகள் தனித்தனி வரிகளில் நிற்கவில்லை. மூலமும் உரையும் ஒரே ஓட்டத்தில் சென்றன. ஏட்டை வாசிப்பதற்கு எழுத்தறிவு மட்டும் போதாது; முன்னரே பாடம் கேட்டிருத்தல் வேண்டும். ஏட்டின் வடிவமே ஆசிரியனை இன்றியமையாதவனாக்கியது. அவ்வாசிரியனை அணுகும் உரிமை நிலவுடைமைச் சமூகத்தில் சாதியாலும் குடும்பத்தாலும் வரையறுக்கப்பட்டிருந்தது.

அச்சு வந்தபோது பனுவலை ஈயத்திற் கோத்தால் மட்டும் போதியதாக இருக்கவில்லை. வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம் அச்சில் நிலைபெற்றது. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி வெளியிட்ட நூல்களில் காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி முதலியன இடம்பெற்றன. சந்தி பிரித்த வசனம் பரவியது. சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் பதிப்பித்த நூல்களில் மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் நின்றன; பாடபேதம் அடிக்குறிப்பாயிற்று; அகராதியும் பொருட்குறிப்பும் நூலின் இறுதியில் சேர்ந்தன. இவை வெறும் அலங்காரங்களல்ல. முன்பு ஆசிரியனின் வாயிலிருந்த அறிவு பக்கத்தின் அமைப்பினுள் இறக்கி வைக்கப்பட்டது. நாவலரின் அச்சகம் திறந்துவிட்ட வாசலை அவர் காலத்துக் கல்வியமைப்பு சாதியின் பெயரால் பலருக்கு மூடிவைத்தது என்பதும் உண்மையே. எனினும் தனித்து வாசிக்கக்கூடிய ஒரு பக்கம் உருவானமை, பின்னர் அவ்வாசலை மோதித் திறந்தவர்களுக்குக் கிடைத்த ஒரு கருவியாகும்.

பக்கத்தின் வரலாற்றில் வர்க்கத்தின் சுவடு தெளிவாகவே காணப்படுகின்றது. சென்னை அச்சகங்கள் வெளியிட்ட நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலிய மலிவு நூல்களின் முகப்பில் 'பெரிய எழுத்து' என்ற அடைமொழி நூற்பெயரின் ஒரு பகுதியாகவே நின்றது. புதிதாக எழுத்தறிந்தவர்களும், மங்கிய விளக்கொளியில் உரத்து வாசித்துப் பிறரைக் கேட்பித்தவர்களும் அந்நூல்களின் வாசகர். அவர்களுக்கு எழுத்தின் பருமன் ஒரு சௌகரியமன்று, வாசிப்பின் நிபந்தனையாகும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்கள் இதே வரலாற்றின் அடுத்த கட்டம் எனலாம். சங்கப் பாடலைச் சந்தி பிரித்து அச்சிடுவது செய்யுளின் ஓசையைக் கெடுக்கும் என்று புலமையாளர் ஆட்சேபிக்க இடமிருந்தது. ஆனால் அப்பக்கத்தின் துணையோடுதான் முறைப்படி தமிழ் பயிலாத பல்லாயிரவர் சங்க இலக்கியத்தினுள் நுழைந்தனர். சொற்களுக்கிடையே விடப்பட்ட வெளி யாருக்காக விடப்பட்டது என்று கேட்டால், பதில் ஒரு சமூக வகுப்பைச் சுட்டுவதாகவே அமையும்.

3

இப்பின்னணியிலேயே பாயும் மின்னூலை நோக்குதல் வேண்டும். தமிழில் இவ்வகைக்கு வழிகோலியது மதுரைத் திட்டம். 1998 தைப்பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைத்துத் தொடங்கிய இம்முயற்சியில், பல நாடுகளிற் பரந்து வாழும் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டனர். 2013 இல் தமிழ்நாட்டுத் தன்னார்வலர்கள் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், சமகால எழுத்துகளை எவரும் பகிரத்தக்க உரிமத்தில் மின்னூல்களாக்கிற்று. வாசகன் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருக்கலாம் என்பது பாயும் நூலின் பெரும் பேறு. ஒவ்வொரு நூலும் இன்று 'பெரிய எழுத்து' நூலாகும் தகுதி பெற்றுள்ளது. பார்வை குன்றியவருக்கும், நூலைக் குரலாக மாற்றிக் கேட்க வேண்டிய பார்வையற்றவருக்கும் பாயும் பனுவலே பயன்படும். இவற்றைச் சிறுமைப்படுத்தி அச்சுப் புத்தகத்தின் மணத்தைப் பாடுவது, அலுமாரி நிறைய நூல் வைத்திருப்போரின் ஏக்கமேயன்றி விமர்சனமாகாது. வெள்ளவத்தையிலும் களுபோவிலயிலும் கொட்டாஞ்சேனையிலும் அனெக்ஸ்களிலும் பகிர்ந்துகொண்ட அறைகளிலும் வாழ்வோருக்குப் புத்தக அலுமாரி என்பது வாடகைக்குக் கிடைக்கும் இடத்தின் பிரச்சினையுமாகும்.

ஆயினும் ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறியபோது செய்யப்பட்ட உழைப்பு, அச்சிலிருந்து பாய்வுக்கு மாறியபோது தமிழில் போதியளவு செய்யப்படவில்லை. மின்னூல்களை ஒழுங்கு செய்யும் மென்பொருள்கள் முதன்மையாக உரோமன் எழுத்து மொழிகளின் வரியமைப்பை மனங்கொண்டு உருவாக்கப்பட்டவை. அம்மொழிகளில் சொற்கள் பெரும்பாலும் குறுகியன. தமிழிலோ உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒட்டி ஒரு சொல் பதினைந்து, இருபது எழுத்து வரை நீள்வது சாதாரணம். ஒரு கைத்தொலைபேசியின் குறுகிய வரியில் இத்தகைய சொற்கள் இரண்டோ மூன்றோ தான் அடங்கும். இருபுற ஓரங்களையும் நேர்ப்படுத்துமாறு கருவி ஏவப்பட்டிருப்பின், அச்சொற்களுக்கிடையே பெரும் வெளிகள் தோன்றுகின்றன. வாசகனுக்கு உதவ உருவான சொல்லிடை வெளி இங்கு வாசிப்பைத் தடுக்கும் பள்ளமாகி விடுகின்றது. ஈய அச்சுக் கோத்தவர் இப்பிரச்சினையை அறிந்திருந்தார். சொல்லை எவ்விடத்தில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வது, புள்ளியெழுத்து வரியின் தலையில் நில்லாதவாறு எவ்வாறு சரிசெய்வது என்பன அவருடைய கைப்பழக்கத்தில் இருந்தன. டெக் என்னும் அச்சமைப்பு மென்பொருளுக்கெனத் தமிழ்ச் சொல்முறிப்பு விதிகள் எழுதப்பட்டுப் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டுள்ளன. எனவே இது தமிழின் இயலாமையன்று. வாசிப்புக் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களின் கணக்கில் தமிழ் வாசகன் எவ்வளவு பெறுமதியுடையவன் என்பதன் வெளிப்பாடாகும்.

அமேசன் நிறுவனம் கிண்டிலில் தமிழ் நூல்களை முறைப்படி வெளியிடத் தொடங்கியது 2016 டிசம்பரிலேயே. அதற்கு முன்னர் பல கருவிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளிவட்டங்களைப் பற்றிக்கொண்டு நின்றன. யுனிக்கோட் முறையில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னரும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை எழுத்தின் இடப்பக்கம் கொணர்ந்து நிறுத்துவது கருவியின் வேலை. அவ்வேலையைச் செய்யத் தெரியாத கருவிகளுக்காக ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் பாயும் கோப்புகளுடன் 6 அங்குலத் திரைக்கு அளவான, பாயாத கோப்பொன்றையும் வெளியிட்டனர். ஒரு மொழியின் எழுத்து சிதையாது தோன்றுவதற்காக, பாய்வின் பயனையே விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலை அது.

செய்யுளில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைகின்றது. வெண்பாவை அச்சிடும்போது நாலடியும் நாலு வரிகளாக நிற்க, நேரிசை வெண்பாவின் தனிச்சொல் ஒரு சிறுகோட்டின் பின் இரண்டாமடியின் இறுதியில் வருவது மரபு. பார்த்த மாத்திரத்தில் வாசகன் யாப்பை இனங்காண்கிறான். எழுத்தைப் பெருக்கிய கைத்தொலைபேசித் திரையில் ஒரு குறளின் ஏழு சீரும் நாலைந்து வரிகளாகச் சிதறுகின்றன. புலவன் முடித்த அடி எது, திரையின் ஓரம் முறித்த வரி எது என்று கண் வேறுபடுத்துவதில்லை. மரபுச் செய்யுளில் யாப்பறிந்தோர் அதனை மீட்டுக்கொள்ளலாம். நவீன கவிதைக்கு அவ்வாய்ப்பும் இல்லை. மஹாகவி 1966 இல் வெளியிட்ட 'குறும்பா' இதற்குத் தக்க உதாரணம். ஐந்தடியில் அமையும் அவ்வடிவத்தின் நடுவிலுள்ள இரு அடிகள் குறுகியவை. அக்குறுக்கத்தின் விரைவும், இறுதி நெட்டடியின் தாக்கமும் சேர்ந்தே அங்கதத்தைப் பிறப்பிக்கின்றன. நெட்டடிகள் திரையில் முறிந்து குற்றடிகளின் நீளத்தை அடைந்துவிட்டால், குறும்பாவின் உருவம் கண்ணுக்கு மறைந்துவிடும். யாப்பினுள் பேச்சோசையைக் கொண்டுவர மஹாகவியும் முருகையனும் வரியை முறித்த முறை ஒரு கலைக் கொள்கையின் விளைவு. அதனை ஒரு திரையின் அகலம் தீர்மானிக்க விடுவது, பனுவலைத் திருத்துவதற்கு ஒப்பானதே.

4

தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாயும் பனுவல் முதன்மை பெற, ஈழத்தில் படிமமே முதன்மை பெற்றது. இதனைத் தற்செயல் எனக் கொள்ள முடியாது. 1981 ஜூன் 1 ஆம் திகதி அதிகாலைக்குள் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1983 வன்செயலிலும் அதனைத் தொடர்ந்த போரிலும் இடப்பெயர்விலும் எண்ணற்ற வீட்டு நூற்சேகரங்கள் அழிந்தன. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி இவ்வழிவின் பின்னணியிலேயே விளங்கும். எஞ்சிய பிரதி அழியுமுன் அதனைப் பதிந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தட்டச்சிடுவதற்கோ மெய்ப்புப் பார்ப்பதற்கோ கால அவகாசம் இல்லை. பக்கங்கள் ஒளிவருடப்பட்டுப் பெரும்பாலும் படிமங்களாகவே வைக்கப்பட்டன. ஈழத்தமிழ் மின்னூலின் வடிவத்தைத் தீர்மானித்தது அழிவு பற்றிய அனுபவமாகும்.

படிமம் பேணுவது பனுவலை மட்டுமன்று. 1978 இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா, லை, ளை, ணை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் கைவிடப்பட்டன. ஈழத்து அச்சகங்களில் பழைய அச்செழுத்துகள் அதன் பின்னரும் சில காலம் வழங்கின. துதிக்கை போன்ற வளைவுடைய பழைய 'லை'யை ஒரு நூலின் படிமத்திற் காணும் ஆய்வாளன் அந்நூல் கோக்கப்பட்ட அச்சகத்தின் நிலை பற்றி ஒரு செய்தியைப் பெறுகின்றான். யுனிக்கோட்டில் பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு இல்லை. அது எழுத்துருவின் விடயம். எனவே அந்நூல் பாயும் பனுவலாக மாறியவுடன் அச்செய்தி அழிந்துவிடுகின்றது. இதனினும் ஆழமான உதாரணம் ஒன்றுண்டு. 1990களின் முற்பகுதியில் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது அச்சுத்தாள் கிடையாமையால், யாழ்ப்பாண நாளேடுகள் பாடசாலைக் கொப்பித் தாள்களிலும் அச்சிடப்பட்டன. செய்தியின் கீழே கொப்பியின் நீலக்கோடுகள் தெரிகின்றன. அக்கோடுகளே தடையின் சாட்சியம். செய்தியைத் தட்டச்சிட்டுப் பாயவிட்டால் சொற்கள் எஞ்சும். அச்சொற்கள் எந்நிலைமையில் உற்பத்தி செய்யப்பட்டன என்பது மறைந்துவிடும். 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திய 'மல்லிகை'யின் கைக்கோப்புப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். சலூனிலிருந்து தொடங்கிய ஒரு சஞ்சிகையின் வரலாற்றில், தேய்ந்த அச்செழுத்தும் ஏறியிறங்கும் வரியும் ஆசிரியத் தலையங்கத்துக்குச் சமமான சான்றுகளே.

எனினும் படிமத்தின் வரம்பையும் மறைக்கலாகாது. அச்சுப் பக்கமொன்றின் படிமத்தைக் கைத்தொலைபேசியில் வாசிப்பவன் ஒவ்வொரு வரிக்கும் திரையை வலமும் இடமும் இழுக்க வேண்டும். படிமத்தினுள் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவருக்கு அது மௌனப் பக்கம். எழுத்துணரி மென்பொருள்கள் முன்னேறியுள்ளனவாயினும் மங்கிய ஈய அச்சிலும் பழைய எழுத்து வடிவங்களிலும் அவை தடுமாறுகின்றன. ஆய்வாளனுக்கு அரிய மூலமாக இருக்கும் அதே பக்கம், தோட்டப்புற மாணவனுக்கு ஏட்டுச் சுவடியைப் போல எட்டாத பொருளாகிவிடக் கூடும். இங்கு ஏடும் படிமமும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன: இரண்டும் வாசிக்கும் வாய்ப்பை ஒரு சிலருக்கே வழங்குகின்றன.

5

இம்முரண்பாட்டைத் தொழில்நுட்பம் தானே தீர்த்துவிடும் என்பது ஒரு மாயை. அச்சகத் தொழிலாளி மறைந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் அவருடைய உழைப்பு வேறிடங்களுக்கு நகர்ந்துள்ளது: ஊதியமின்றித் தட்டச்சிடும் தன்னார்வலரிடமும், ஒளிவருடியின் முன் பக்கம் பக்கமாகப் புரட்டும் இளைஞரிடமும், தொலைதூரத்து நிறுவனமொன்றில் கருவிக்கு நிரல் எழுதுபவரிடமும். முன்பு அச்சகத்துக்குச் சென்று மெய்ப்புத் தாளில் திருத்தம் குறித்த எழுத்தாளனுக்கு, பக்கத்தின் மீது ஓரளவு அதிகாரம் இருந்தது. இன்று அவனது கவிதையின் வரியை முறிக்கும் விதி அவன் காணாத ஒரு கோப்பினுள் உள்ளது. அக்கோப்பு ஒரு நிறுவனத்தின் சொத்து. 2009 ஜூலையில் அமேசன், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை, உரிமைப் பிணக்கைக் காரணம் காட்டி அவர்களது கிண்டில்களிலிருந்து நீக்கியது. வாசகனிடம் இருந்தது நூலன்று, வாசிக்கும் அனுமதி மட்டுமே என்பது அப்போது வெளிப்பட்டது. எழுத்தின் அளவை மாற்றும் சுதந்திரம் இத்தகைய உடைமையுறவின் உள்ளேதான் வழங்கப்படுகின்றது.

எழுத்துருக்களின் வரலாறும் இதையே கூறும். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டு அச்சேறிய நூல்கள் ஏராளம். அக்கோப்புகளில் இருப்பவை உண்மையில் தமிழ் வேடமணிந்த ஆங்கிலக் குறியீடுகள். எழுத்துருவை நீக்கினால் பனுவல் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகின்றது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கணினியில் உருவான நூல் மாற்றுச் செயலி இன்றி நேரடியாகப் பாயும் மின்னூலாக முடியாதிருக்க, நூறாண்டுக்கு முந்திய ஈய அச்சு நூல் இன்றும் வாசிக்கக்கூடியதாய் உள்ளமை சிந்தனைக்குரியது. பொது நியமம் இல்லாத இடத்தில் புதுமை தானே விரைவில் பழைமையாகி விடுகின்றது.

அச்சுக்குத் திரும்புவதும் இதற்குத் தீர்வன்று. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இன்மையால் கடதாசித் தட்டுப்பாடு ஏற்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. சில நாளேடுகள் அச்சுப் பதிப்புகளை நிறுத்தின. தாளும் உலகச் சந்தையில் வாங்கப்படும் பண்டமே.

6

எனவே அச்சா, மின்னூலா என்று வினவுவதிலும் பார்க்க, பக்கத்தின் விதிகளை யார் இயற்றுகிறார்கள் என்று வினவுவதே பொருத்தமானது. இவ்வகையில் சில பணிகள் உடனடிக் கவனத்துக்குரியன. முதலாவது, படிமத்தையும் பாயும் பனுவலையும் மாற்றீடுகளாகக் கொள்ளாது ஒரே பதிப்பின் இரு பகுதிகளாக அமைத்தல். ஈபப் என்னும் திறந்த நியமத்தின் மூன்றாம் பதிப்பு, அச்சுப் பக்க எண்களைப் பாயும் பனுவலினுள்ளே பொதிந்து வைக்க இடமளிக்கின்றது. இதனைப் பயன்படுத்தினால் ஆய்வாளன் மூலநூலின் பக்கத்தை மேற்கோளாகச் சுட்ட முடியும். வாசகன் ஐயுற்ற இடத்தில் படிமத்தோடு ஒப்புநோக்க முடியும். இரண்டாவது, செய்யுளுக்கும் புதுக்கவிதைக்கும் அடிமுறிப்பு விதிகளை வகுத்தல். திரையின் ஓரத்தில் முறிந்த வரியின் எச்சத்தை உள்ளே தள்ளி அமைத்தால், கவிஞனின் அடியும் கருவியின் வரியும் வேறுபடும். இது எளிய செயல், ஆனால் பதிப்பாசிரியன் ஒவ்வோர் அடியையும் அடியென இனங்கண்டு குறித்திருத்தல் வேண்டும். மூன்றாவது, பழைய எழுத்து வடிவங்களையும் கொண்ட, எவரும் பயன்படுத்தத்தக்க எழுத்துருக்களைப் பொது நிதியில் உருவாக்குதல்.

இவை கணினித் துறையாரின் பணிகள் என்று தமிழ்த்துறையினர் ஒதுங்குவது பொருந்தாது. எந்த அடி எங்கே முடிகின்றது, எச்சொல் எங்கே பிரியும், மூலமும் உரையும் எவ்வாறு உறவுகொள்ள வேண்டும் என்பன இலக்கணமும் பதிப்பியலும் அறிந்தோர் தீர்க்க வேண்டிய வினாக்கள். சென்ற நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் அச்சகத்தினுள் நுழைந்து அத்தொழிலைக் கற்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் சஞ்சிகைகளின் பழைய இதழ்களைக் கொண்டே இப்பணியைத் தொடங்கலாம். ஓர் இதழை எடுத்து, அதன் படிமத்தைப் பேணி, பனுவலை மெய்ப்புப் பார்த்து, பக்க எண்களோடும் அடியெல்லைகளோடும் மாணவர் தாமே மின்னூலாக்கினால், ஒரு பக்கத்தினுள் எவ்வளவு உழைப்பு உறைந்துள்ளது என்பதை அவர்கள் கற்பர். அவ்வறிவு பரவலாகும்போதுதான் கருவிகளைச் செய்வோரிடம் தமிழ் வாசகன் கோரிக்கைகளை முன்வைக்க இயலும்.